லாரியை நிறுத்தும் முனியப்பர்

ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தவன் பயணம் பற்றி எழுதினால் ஷார்ஜாவைப் பற்றித்தான் எழுதுவான் என்று எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் நினைப்பார்கள். அங்கே நான் பார்த்தது ஒரு மளிகைக் கடை, எட்டுப் பேர் படுக்கும் ஒரு ரூம், நடுவில் சைக்கிள் மிதிக்க ஒரு ரோடு. அதை எழுத அரைப் பக்கம் போதும். நான் எழுத வந்தது எங்கள் ஊரிலிருந்து அரியலூர்ப் பக்கம் போய்வந்த கதை. ஒரே ஜில்லாவுக்குள்தான். அரியலூரைத் தனி ஜில்லா ஆக்கி, பிறகு கலைத்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்த்து வைத்திருந்த வருஷங்கள் அவை. ஆனாலும் விமானத்தில் ஏறும்போது இல்லாத பயம் அந்த பஸ்ஸில் ஏறும்போது எனக்கு இருந்தது.

காரணம் என்னோடு வந்த பெட்டி. அது லிங்கத்துடையது. லிங்கம் என்கிற ராமலிங்கம் கல்லங்குறிச்சிக்கு அப்பால் ஒரு சின்ன ஊர்க்காரன். ஷார்ஜா கடையில் என்னோடு வேலை பார்த்தான். வீடுகளிலிருந்து போன் வந்தால் தண்ணீர் கேன், ரொட்டி, முட்டை எல்லாவற்றையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. வெயில் காலத்தில் ஒரு மத்தியானம் கேனோடு போனவன் திரும்பி வரவில்லை. உடம்பு அப்போதே ஊருக்கு வந்துவிட்டது. பெட்டி மட்டும் என் லீவுக்காகக் கட்டிலுக்கு அடியில் காத்திருந்தது.

அந்த வருஷம் நோன்பும் புரட்டாசியும் ஒன்றாக வந்தன. "நோன்பு வச்சுக்கிட்டு பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்க கெளம்புறீங்க? பெருநா கழிச்சுப் போனா ஆவாதா?" என்று என் மனைவி சத்தம் போட்டாள். பெருநாள் கழிந்த கையோடு எனக்கு விமானம். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு என் சட்டையை மடித்துக் கொடுத்தாள்.

அது வியாழக்கிழமை. அரியலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன். கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததும், "என்ன பாய், துபாயையே பேத்து எடுத்தாந்துட்டீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. யாருடைய பெட்டி என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

அரியலூரைச் சுற்றி மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அதை சிமெண்டு ஆலைகளுக்கு ஏற்றிப்போகும் லாரிகளுக்கு ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. மெதுவாகப் போகிறவனுக்கு நடை குறையும். அதனால் பறக்கிறார்கள். ரோட்டோரப் புளியமரங்கள் மாவு மில்லில் நின்றதுபோல வெளுத்துக் கிடந்தன. எதிரே வந்த ஒரு லாரிக்கு வழிவிடப் போய் எங்கள் பஸ்ஸின் இடது சக்கரங்கள் தாரை விட்டு இறங்கின. தார் முடிந்த இடத்தில் மண் ஒரு முழம் பள்ளம். பஸ் சாய்ந்து நின்றுவிட்டது. லாரிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எறங்கி நடங்க, இனிமே கிரேன் வந்தாத்தான்" என்றார் டிரைவர்.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். எங்களுக்கு முன்னால் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு நேர்த்திக்கடன் கொடுக்கப் போகும் ஒரு குடும்பம் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் கன்று மிரண்டு ரோட்டுக்குள் பாய்ந்தது. "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கத்திக்கொண்டே வந்தாள். அப்புறம் அவளே, "எங்கன்னு ஒதுங்குறது? முள்ளுக்குள்ளயா?" என்று அழுகிற குரலில் கேட்டாள். ஷார்ஜாவில் ரோட்டோரம் நடைபாதை உண்டு, செங்கல் பதித்து அழகாக இருக்கும். அதில் நடக்கிறவனைக் கார்க்காரன் மனுஷனாகப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். நடப்பவனும் சைக்கிள்காரனும் இரண்டு ஊரிலும் ஒரே ஜாதி.

கோயிலைத் தாண்டிப் போனால் லிங்கத்தின் ஊருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. அந்த வளைவில் அரியலூர் போகும் பக்கம், தாரை ஒட்டினாற்போல, புது மேடை ஒன்று கட்டியிருந்தார்கள். பக்கத்தில் சூலம், அதில் குத்திய எலுமிச்சம்பழங்கள், எதிரே ஒரு டீக்கடை. மேடை முன்னால் இரண்டு லாரிகள் பாதி தாரில், பாதி மண்ணில் நின்றிருந்தன. டிரைவர்கள் இறங்கிக் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது சைக்கிளில் வந்த ஒரு பெண்பிள்ளை, நிற்கும் லாரிகளைச் சுற்றிக்கொண்டு நடு ரோட்டுக்குப் போய் மறுபடி உள்ளே வந்தாள்.

பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் ஷார்ஜாவில் லிங்கம் செத்த இடமும் இப்படித்தான் இருக்கும். அங்கே சாமி இல்லை, ஒரு டீக்கடை. டீக்கு நிற்கும் லாரிகள் ரோட்டில் பாதியை அடைத்துக்கொள்ளும். நாங்கள் சுற்றிக்கொண்டுதான் போவோம். லிங்கம் சுற்றிப் போனபோது பின்னால் ஒரு தண்ணீர் டேங்கர் வந்தது.

லிங்கத்தின் வீட்டில் அவன் மனைவி மலர்க்கொடியும் மகள் தமிழ்ச்செல்வியும் இருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து அவன் தம்பி வேலு வந்தான். பெட்டியை வாசலில் பார்த்ததும் மலர்க்கொடி அழுதாள். அழுதபடியே, "அண்ணனுக்குத் தண்ணி குடுடி" என்றாள். தமிழ்ச்செல்வி, "அவங்க நோம்பும்மா" என்று காதோடு சொன்னாள்.

பெட்டியில் நாலு சட்டை, ஒரு கம்பளி, தலைவலித் தைலம், பிறகு ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அதற்குள் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டும் சிவப்பு லைட். பொத்தானை அழுத்தினால் விட்டு விட்டு எரியும். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கச் சைக்கிள் கிடைக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே லிங்கம் ஓடிப்போய் வாங்கினான். "நம்ம ஊரு லாரிக்காரனுக்கு இது தெரியும்ல பாய்?" என்று என்னிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பான்.

சைக்கிள் கூடத்தில்தான் நின்றது. சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. அப்பா சைக்கிளில் செத்தார். ஆடி மாதம் அதே வளைவில் ஒரு பால்காரர் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போனார். அதோடு மலர்க்கொடி மகளை வெளியே விடவில்லை. காலையில் வரும் ஒரே பஸ் இந்த ஊரில் நிற்காமல் நிறைந்து போகும். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வாரக்கணக்கில் வீட்டில் கிடந்தாள். இன்னும் கொஞ்ச நாள் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"சனிக்கெழம முனியப்பர் உக்காந்துட்டாருன்னா திங்கக்கெழமலேர்ந்து போலாம்னு அம்மா சொல்லிருச்சு மாமா" என்றாள் தமிழ்ச்செல்வி. அவளுடைய முகம் அப்படி மலர்ந்திருந்தது.

முனியப்பர் யோசனை வேலுவுடையது. பால்காரர் செத்த அன்று ஊரே ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தது. வேகத்தடை போட்டார்கள். ஒரு வாரத்தில் யாரோ அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மறுபடி ஊரே மண்ணைக் கொட்டி மேடு போட்டது. அதுவும் போனது. "வேகத்தடையப் பேப்பான். சாமியப் பேப்பானா?" என்றான் வேலு. "மனுசனுக்கு நிக்காத லாரி முனியப்பருக்கு நிக்கும் பாய். செல வர்றதுக்கு முன்னாடியே நிக்கிறான், பாத்தீங்கல்ல?" அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. லாரி நிற்கிறதுதான். அதுதான் எனக்குப் பயம்.

நோன்பு திறக்கும் நேரம் வந்தது. அரியலூர் போய்ப் பள்ளிவாசலில் திறந்துகொள்கிறேன் என்றேன். மலர்க்கொடி விடவில்லை. ஒரு சொம்பு நிறைய நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அங்க நோம்பு மாசம் பூரா ரூமுக்கு நாந்தான் கஞ்சி காச்சுறேன்னு போன்ல சொல்லுவாருண்ணே. வெந்தயம், பூண்டு, தேங்காப்பாலுன்னு ஒண்ணொண்ணா சொல்லுவாரு. புரட்டாசி, கறி மட்டும் போடல." லிங்கம் காய்ச்சுவதுபோலவே உப்பு ஒரு கல் கூடுதலாக இருந்தது. குடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சொம்பு காலியானதும் அவள் கேட்டாள். "வண்டி மோதிருச்சுன்னுதான் சொன்னாங்க. எப்புடிண்ணே மோதுச்சு?"

பொய் சொல்ல நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளையின் திங்கட்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையே போய்விடலாம். நான் வேறு துலுக்கன்; அவர்கள் சாமி வைக்கும் நேரத்தில் வந்து குறுக்கே பேசுகிறான் என்றுதான் படும். நோன்பு வாயால் பொய் சொல்ல வரவில்லை. டீக்கடை, நின்ற லாரிகள், சுற்றிப்போன சைக்கிள், பின்னால் வந்த டேங்கர், எல்லாவற்றையும் சொன்னேன்.

மலர்க்கொடி காலிச் சொம்பைக் கையில் எடுத்தாள். பிறகு, "அப்ப லாரி நின்னதாலதான் செத்தாரா?" என்று கேட்டாள். வேலு எழுந்து வெளியே போய்விட்டான்.

ராத்திரி அரியலூரில் தங்கினேன். காலையில் வேலு பஸ் ஸ்டாண்டில் எனக்காக நின்றிருந்தான். "வாங்க பாய், பெரம்பலூர் போயி இன்னொரு தடவ கேட்டுப் பாப்போம். கல்லுல போட்டாலும் தாருல போட்டாலும் சரி, அவனுங்க பேக்காத மாதிரி ஒரு வேகத்தட" என்றான். அவன் முரடன் இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

பெரம்பலூரில் நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் மண் மலை. அந்தப் பக்கம் போக வேண்டிய ஜனங்கள் மலை ஏறி, பள்ளத்தில் இறங்கி, வண்டிகள் நடுவே ஓடி, மறுபடி மலை ஏறினார்கள். ஒரு மனுஷர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். வேட்டி அவிழ்ந்து கையில் வந்துவிட்டது. அதைக் கட்டக்கூட நிற்காமல் ஓடினார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், "ரோடு முடிஞ்சா நல்லா இருக்குங்க, சர்ருன்னு போவலாம்" என்றார். சர்ரென்று போகிறவர்களுக்கு நல்லாத்தான் இருக்கும். ஜும்ஆத் தொழுகைக்கு நானும் அப்படித்தான் ஓடிக் கடந்தேன்.

வேலு அழைத்துப்போன ஆபீஸில், "அந்த ரோடு எங்களுது இல்லீங்க" என்றார்கள். அடுத்த ஆபீஸில் ஒரு எழுத்தர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷர். தனக்கு வந்த டீயை வேலுவுக்குக் கொடுத்தார். கடைசியில், "அந்த எடத்துல எத்தன பேரு செத்துருக்காங்க?" என்றார்.

"ஒருத்தர் சார்."

"ஒண்ணுன்னா மேல அனுப்ப முடியாதுங்களே. கொறஞ்சது நாலஞ்சாவது இருந்தாத்தான் பாப்பாங்க."

"அப்ப போயி செத்துட்டு வரவா சார்?" என்றான் வேலு. டீயை அப்படியே மேஜை மேல் வைத்துவிட்டு நாங்கள் வெளியே வந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் நான் வாயைத் திறந்தேன். "சாமிய வேணாம்னு சொல்லல வேலு. ரோட்ட விட்டு உள்ள தள்ளி வைங்க. லாரி நிக்க மண்ணுல எடம் விடுங்க. தாருல நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"உள்ள தள்ளுனா அடுத்தவங்க கொல்லைக்குள்ள போயிரும். அதுவுமில்லாம கண்ணுக்கு மறைஞ்சா எவன் நிப்பான்?" என்றான். அப்புறம் கொஞ்சம் சூடாகவே, "ஒங்களுக்கு எங்க சாமி சமாச்சாரம் தெரியாது பாய்" என்றான். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரியலூர் வரும்போது அவனே தணிந்து, "நீங்க சொல்றதயும் தள்ள முடியல. நானா முடிவு பண்ண வேணாம். பூ கட்டிப் பாத்துருவோம்" என்றான்.

அன்று சாயங்காலம் வளைவில் ஊர் கூடியது. சாமியிடம் உத்தரவு கேட்கும் முறை இது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உள்ளே தள்ளலாம். சிவப்பு வந்தால் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். இரண்டையும் சூலத்தின் அடியில் போட்டு, கைக்குழந்தை ஒன்றைத் தவழவிட்டார்கள். லாரிக்காரர்கள்கூட இறங்கி நின்று பார்த்தார்கள். வெள்ளை வரட்டும், வெள்ளை வரட்டும் என்று நான் உள்ளுக்குள் துஆ செய்தேன். முனியப்பருக்குப் பூ வர அல்லாஹ்விடம் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குழந்தை வெள்ளைப் பொட்டலத்தைத் தொட்டது, விட்டது, அடுத்ததை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. பிரித்தார்கள். சிவப்பு அரளி.

குலவைச் சத்தம் கேட்டது. மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். சாமியும் சொல்லிவிட்டார், இனி என்ன என்று கேட்பதுபோல இருந்தது. எனக்கு அந்தக் குழந்தை மேல்கூடக் கோபம் வந்தது.

சனிக்கிழமை காலை சாமி உட்கார்ந்தார். மீசையும் உருட்டு விழியுமாக நல்ல கம்பீரம். கல்லங்குறிச்சிக்கு நடந்து போன ஜனமும் நின்றுகொண்டது. பொங்கல் கொடுத்தார்கள், நோன்பு என்றதும் இலையில் கட்டிப் பையில் வைத்தார்கள். தமிழ்ச்செல்வியின் சைக்கிளுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டு, "மொத சைக்கிளு நம்ம புள்ளதான்" என்று வேலு கூப்பிட்டான். மேடை முன்னால் வரிசையாக லாரிகள் நின்றன. அப்பா வாங்கிய லைட் பின்னால் எரிந்து எரிந்து அணைந்தது. அவள் ஏறினாள். நான் லாரிகளைத் தாண்டி ஓடிப்போய் நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். எதிரே ஒன்றும் வரவில்லை. பிள்ளை சிரித்தபடி என்னைத் தாண்டிப் போனாள். ஊரே கைதட்டியது. "பாத்தீங்களா பாய்?" என்றான் வேலு.

கிளம்புவதற்கு முன் அவளைத் தனியாக அழைத்துப்போய்க் காட்டினேன். லாரி நின்றால் சுற்றிப் போகக் கூடாது. இறங்கிவிட வேண்டும். மேடைக்குப் பின்னால் முள் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், வளைவு தாண்டி ஏற வேண்டும். "எல்லாரும் சிரிப்பாங்களே மாமா" என்றாள். சிரிக்கட்டும் என்றேன். என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன், செய்தாள்.

பெருநாள் முடிந்து நான் ஷார்ஜா வந்துவிட்டேன். அந்த டீக்கடையும் லாரிகளும் அப்படியே இருந்தன. நானும் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன்; பிள்ளையிடம் சத்தியம் வாங்கிவிட்டு நான் சுற்றிப் போவது நியாயமில்லை. வேலு அவ்வப்போது போன் செய்வான். முனியப்பருக்கு நல்ல பேர், வளைவில் மூன்று கடை வந்துவிட்டது, தமிழ்ச்செல்வி ஒழுங்காகப் போகிறாள் என்பான். எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் விட்டது.

தை பிறந்த பிறகு ஒரு நாள் கடைக்கு போன் வந்தது. தமிழ்ச்செல்வி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பிரியா செத்துட்டா மாமா. எங்கூட வர்ற புள்ள. நான் எறங்கித் தள்ளிக்கிட்டு வந்தேன். பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சுக்கிட்டே லாரியச் சுத்திப் போனா. எதுத்தாப்புல காலி லாரி வந்துச்சு. அந்தப் பக்கம் சாமி இல்லல்ல, அதனால அவன் நிக்கல."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சித்தப்பா அந்தப் பக்கமும் ஒரு முனியப்பர் வைக்கப் போறாங்க மாமா. கல்லு நட்டாச்சு. அது வந்துட்டா நான் பள்ளிக்கூடம் போலாமான்னு அம்மா ஒங்களத்தான் கேக்கச் சொல்லுச்சு. நீங்க சொன்னா விடுதாம்."

அந்தப் பக்கமும் சாமி வந்தால் அந்தப் பக்கமும் லாரி நிற்கும். நடுவில் ஒரு லாரி போகத்தான் இடம் இருக்கும். கண்ணை மூடினால் எனக்கு அது தெரிந்தது. லைட் எரிந்து எரிந்து அணைவதும் தெரிந்தது. அவளுக்கு வாத்தியார் ஆக ஆசை என்று லிங்கம் ரூமில் எத்தனை தடவை சொல்லியிருப்பான்.

"வேணாம்மா" என்றேன். "போவாத."

 

"சரிங்க மாமா" என்றாள். பிறகு, "அப்ப அப்பா வாங்குன லைட்டக் கழட்டி வச்சுரட்டா?" என்று கேட்டாள்.